சுவரில் நின்ற தண்ணீர்க் கோட்டைக் கோப்பில் ஏற்றுவது எப்படி? சென்னையில் காலநிலை நீதிக்கு ஒரு முழு வழிகாட்டி

அடையாறு, கூவம், கொசஸ்தலை, பக்கிங்காம் கால்வாய் என்று எந்தக் கரையோரக் குடியிருப்புக்குப் போனாலும் தரைத்தள வீட்டுச் சுவரில் ஒரு கோடு இருக்கும். மேலே சுண்ணாம்பு அடித்தாலும் கொஞ்ச நாளில் மறுபடி எட்டிப் பார்க்கும் பழுப்புக் கோடு. இது 2015 டிசம்பரில் வந்தது, இது 2023 மிக்ஜாம் புயலில் வந்தது என்று வீட்டுக்காரர்கள் விரல் வைத்துக் காட்டுவார்கள். எண்ணூர்ப் பக்கம் ஒரு அக்காவிடம் நோட்டும் பேனாவுமாக நின்று, "தண்ணி எவ்ளோ உயரம் வந்துச்சுக்கா?" என்று கேட்டேன். "என்னிய ஏன் கேக்குற தம்பி, செவுத்தக் கேளு" என்றார்.

சுவருக்குத் தெரிந்தது கோப்புக்குத் தெரியாது. வெள்ளத் தடுப்புத் திட்டம் போடுகிறவர், வடிகாலுக்கு டெண்டர் விடுகிறவர், நிவாரணப் பட்டியல் எழுதுகிறவர், வழக்கைக் கேட்கும் நீதிபதி ஆகிய எல்லாரும் பார்ப்பது கோப்பைத்தான். அந்தக் கோட்டைக் கோப்புக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் காலநிலை நீதிக்காக வேலை செய்கிற குடிமக்கள் அமைப்புகளின் பெரும்பாடு. இந்த வேலையில் சில ஆண்டுகள் அலைந்து, பாதியைத் தப்பாகச் செய்து கற்றதை இங்கே எழுதுகிறேன். குடியிருப்போர் சங்கம், மகளிர் குழு, மீனவர் சங்கம், கல்லூரி மாணவர், தொண்டு நிறுவன ஊழியர் என்று யாராக இருந்தாலும் இது உதவும்.

முதலில், எதை அநீதி என்கிறோம்?

2015இல் கோட்டூர்புரத்து பங்களாவுக்குள்ளும் ஹவுசிங் போர்டு வீட்டுக்குள்ளும் புகுந்தது ஒரே அடையாறு. தண்ணீர் வடிந்த பிறகுதான் வித்தியாசம் தெரிந்தது. காருக்கு இன்ஷூரன்ஸ் இருந்தவர் மூன்று மாதத்தில் பழையபடி ஆனார். தையல் மெஷினும், மீன் வாங்கும் முதலும், பிள்ளையின் பத்தாம் வகுப்புச் சான்றிதழும் போனவர் வட்டிக்கு வாங்கினார். இது முதல் அநீதி.

இரண்டாவது இதைவிடக் கசப்பானது. ஆற்றைக் காக்கிறோம், வெள்ள ஆபத்திலிருந்து மீட்கிறோம் என்று சொல்லிக் கரையோர மக்களை அப்புறப்படுத்தினார்கள். எங்கே கொண்டுபோய் விட்டார்கள்? பெரும்பாக்கத்தில், செம்மஞ்சேரியில். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குத் தண்ணீர் போகிற வழியில் இருக்கும் தாழ்வான பகுதிகள் அவை. மழைக்கு மழை அங்கேயும் தண்ணீர் நிற்கிறது. அந்தச் சதுப்பு நிலத்துக்கு 2022இல் ராம்சார் அந்தஸ்து, அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்ற அங்கீகாரம், கிடைத்தது, நல்லதுதான். ஆனால் அதைச் சுற்றி எழும்பிய கண்ணாடிக் கட்டடங்களை யாரும் இடம் மாற்றச் சொல்லவில்லை. பக்கிங்காம் கால்வாய்க்குள் பறக்கும் ரயிலின் தூண்கள் வரிசையாக நிற்கின்றன. கால்வாயை அடைத்துக்கொண்டிருப்பது மட்டும் கரையோரக் குடிசை என்று ஆகிவிட்டது.

பாதிப்பு ஏற்றத்தாழ்வானது, பரிகாரமும் ஏற்றத்தாழ்வானது. இந்த இரண்டாவது பாதியைத் தவறவிட்டால் 'வெள்ளத்தைத் தடு' என்று நாம் எழுப்பும் முழக்கத்தையே காட்டி மக்களைக் காலி செய்வார்கள். அது நடந்தும் இருக்கிறது. எந்த மனுவை எழுதினாலும், இதைப் படிக்கும் அதிகாரி 'சரி, இவர்களை இங்கிருந்து அனுப்பிவிடலாம்' என்று முடிவெடுக்க இடம் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். இருந்தால் மாற்றி எழுதுங்கள்.

படி 1: போய் உட்காருங்கள்

'காலநிலை மாற்றம் குறித்த விழிப்புணர்வுக் கூட்டம்' என்று பேனர் கட்டி நான் நடத்திய முதல் கூட்டத்துக்கு வந்தவர்கள் எட்டுப் பேர். அதில் மூன்று பேர் டீக்கு வந்தவர்கள். அடுத்த முறை பேனரும் இல்லை, தலைப்பும் இல்லை. தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு வரிசையில் நின்றவர்களோடு நின்றேன். ஒரு மணி நேரத்தில் வேண்டியது எல்லாம் பேச்சில் வந்தது: மழை முன்ன மாதிரி இல்லை, ஒரே நாளில் கொட்டிவிட்டுப் போகிறது, ராத்திரியில் கூட தகரம் ஆறுவதில்லை, ஆற்றில் கை விட்டால் இறாலுக்குப் பதில் சாம்பல் வருகிறது. 'காலநிலை' என்ற சொல்லை அங்கே யாரும் சொல்லவில்லை, சொல்லவேண்டிய அவசியமும் இல்லை.

நேரம் பார்த்துப் போக வேண்டும். காசிமேட்டில் மீன் எடுத்து விற்கிற பெண்கள் விடியற்காலையில் கிளம்பினால் மதியம் தாண்டித்தான் வீட்டில் இருப்பார்கள். வீட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு ஞாயிறு மாலை. மீனவக் குப்பங்களில் ஊர் நிர்வாகிகளைப் பார்க்காமல் வேலையைத் தொடங்காதீர்கள்; அது மரியாதை. அதற்காக அவர்களைப் பார்த்ததோடு நின்றுவிடவும் கூடாது. படகு வைத்திருப்பவர் சொல்லும் நஷ்டம் ஒன்று. கழிமுகத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் கையால் தடவி இறால் பிடிக்கிற பெண்களின், இருளர் குடும்பங்களின் நஷ்டம் வேறு. பட்டியல் என்று ஒன்று வரும்போது முதலில் விடுபடுவது இவர்கள் பெயர்தான்.

முகம் யாருடையது என்பதையும் இந்தக் கட்டத்திலேயே பேசி முடித்துவிடுங்கள். மனுவில் முதல் கையெழுத்து, கூட்டத்தில் முதல் பேச்சு, டிவி மைக் முன்னால் நிற்பது எல்லாம் அந்த இடத்து மக்கள். வெளியிலிருந்து வரும் நமக்கு ஜெராக்ஸ் எடுப்பது, சட்டம் படித்துச் சொல்வது, ஆட்டோ பிடிப்பது. கேட்கச் சாதாரணமாக இருக்கும், கேமரா வரும்போதுதான் கடினம்.

சங்கம் பதிவு செய்தால்தான் மனு கொடுக்க முடியும் என்று பலர் தயங்குகிறார்கள். அப்படி எதுவும் இல்லை. பிற்பாடு தேவைப்பட்டால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன் கீழ் ஏழு பேர் சேர்ந்து பதிவு செய்துகொள்ளலாம்.

படி 2: அளந்து எழுதுங்கள்

'கடும் பாதிப்பு' என்பதை எந்த அதிகாரியும் மறுக்கமாட்டார், அதை வைத்து எதுவும் செய்யவும் மாட்டார். '14ஆம் எண் வீட்டில், தரையிலிருந்து மூன்றடி இரண்டு அங்குலம், டிசம்பர் 4 காலை முதல் 7 இரவு வரை' என்று எழுதினால் பதில் சொல்லியாக வேண்டும்.

வேண்டிய பொருட்கள் மிகக் குறைவு. தையல்காரர் டேப், கோடு போட்ட நீள நோட்டு, தேதியும் இருப்பிடமும் படத்திலேயே பதியும்படி அமைத்த கைபேசி. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம். கோட்டின் உயரம், தண்ணீர் எத்தனை மணி நேரம் நின்றது, மழைத் தண்ணீரா சாக்கடையா இரண்டும் கலந்ததா, என்ன போனது, எத்தனை நாள் வேலை போனது. வாடகைக்கு இருப்பவரா என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். நிவாரணச் சண்டையில் அது முக்கியமாகும். ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் எதையும் எழுதாதீர்கள். எழுதியதை அவர்களுக்குப் படித்துக் காட்டிக் கையெழுத்தோ ரேகையோ வாங்குங்கள்.

பிறகு வரைபடம். பெரிய சார்ட்டில் தெருவை வரையச் சொன்னால் பெண்களும் பிள்ளைகளும்தான் சரியாக வரைகிறார்கள். எந்த மூலையில் முதலில் தண்ணீர் ஏறும், வடிகாலின் வாய் எங்கே, எந்த மின்பெட்டி தாழ்வாக இருக்கிறது, படுத்த படுக்கையாக இருப்பவர் எந்த வீட்டில், கர்ப்பிணி எங்கே. மாநகராட்சியின் வரைபடத்தில் இந்த விவரம் எதுவும் கிடையாது.

வெயிலையும் இப்படியே அளக்கலாம், ஆனால் யாரும் அளப்பதில்லை. கடலோர நகரங்களில் வெப்பஅலை என்று வானிலைத் துறை அறிவிக்க வேண்டுமானால் அதிகபட்ச வெப்பம் 37 டிகிரியைத் தொட வேண்டும், இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூட இருக்க வேண்டும். அந்தக் கணக்கு நுங்கம்பாக்கத்திலும் மீனம்பாக்கத்திலும் இருக்கும் கருவிகளுடையது. தகரக் கூரைக்குக் கீழே அடுப்பு எரியும் பத்தடி அறையின் கணக்கு வேறு. காற்றின் ஈரப்பதம் வேறு சேர்ந்துகொண்டால் வியர்வை காயாது, உடம்பு ஆறாது. மலிவான வெப்பமானி நாலைந்து வாங்கி, தகரக் கூரை, ஆஸ்பெஸ்டாஸ், மொட்டைமாடிக்குக் கீழ்த் தளம் என்று வெவ்வேறு வீடுகளில் மாட்டுங்கள். கத்திரி வெயில் முழுவதும் பகல் இரண்டு மணிக்கும் இரவு பத்து மணிக்கும் குறியுங்கள். இரவுக் கணக்கை விட்டுவிடாதீர்கள், தூக்கம் போவது அப்போதுதான்.

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்பஅலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. ஆனால் காரணம் வெப்பம் என்று மருத்துவப் பதிவில் இருந்தால்தான் கோரிக்கை நிற்கும். கட்டட வேலையில் மயங்கி விழுந்தவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகும்போது, எங்கே, எத்தனை மணிக்கு, என்ன வேலையில் இருந்தார் என்பதைக் கூடப் போகிறவர் டாக்டரிடம் சொல்லிச் சீட்டில் எழுதச் சொல்ல வேண்டும். வேலையிடத்தில் எல்லாருக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

படி 3: எந்தக் கதவு?

நல்ல மனுக்கள் பல செத்துப்போவது இந்த இடத்தில். மழைநீர் வடிகால் மாநகராட்சி. அதே வடிகாலில் ஓடும் சாக்கடை குடிநீர் வாரியம். அது போய்ச் சேரும் ஆறு, ஏரி, பக்கிங்காம் கால்வாய் நீர்வளத் துறை. குடியிருப்புக் கட்டடம் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் (2021 வரை குடிசை மாற்று வாரியம், மக்கள் இன்றும் ஹவுசிங் போர்டு என்றே சொல்வார்கள்). புகை, ஆலைக் கழிவு என்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். நிவாரணம் வருவாய்த் துறை, கலெக்டர். ஒரே தெருவுக்கு ஆறு கதவு. ஒருவருக்கு மட்டும் மனு கொடுத்தால் 'இது எங்கள் வரம்பில் இல்லை' என்று ஒரு வரியில் பதில் வரும், அதுவும் இரண்டு மாதம் கழித்து.

எல்லையையும் பாருங்கள். கண்ணகி நகர் மாநகராட்சிக்குள். கொஞ்சம் தள்ளியிருக்கும் பெரும்பாக்கம் செங்கல்பட்டு மாவட்டம். எண்ணூர் சென்னை, கழிமுகத்தைத் தாண்டிக் காட்டுப்பள்ளி திருவள்ளூர் மாவட்டம். மீனுக்கும் வெள்ளத்துக்கும் மாவட்ட எல்லை கிடையாது, மனுவுக்கு உண்டு. ஆகவே ஒரே மனுவில் 'பெறுநர்' பகுதியில் ஆறு பேரையும் எழுதி, எந்தக் கோரிக்கை யாருக்கு என்று தனித்தனியாகக் குறித்து, எல்லாருக்கும் நகல் அனுப்புங்கள்.

படி 4: மனுவும் ஒப்புகைச் சீட்டும்

மாநகராட்சியின் 1913க்குப் போன் செய்தால் புகார் எண் தருவார்கள். அந்த எண்ணை நோட்டில் எழுதுங்கள், பலர் எழுதுவதில்லை. திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாள், 'முதல்வரின் முகவரி' என்ற முதல்வரின் குறைதீர் பிரிவு இரண்டிலும் பதிவு எண் கிடைக்கும். நேரில் கொடுத்தால் உங்கள் பிரதியில் முத்திரை வாங்காமல் நகராதீர்கள். "அதெல்லாம் வேணாம், நாங்க பாத்துக்கறோம்" என்று அன்பாகத்தான் சொல்வார்கள். முத்திரை இல்லாவிட்டால் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதை ஒட்டி வையுங்கள்.

மாநகராட்சியின் 200 வார்டுகளிலும் பகுதி சபா கூட்டம் நடத்தவேண்டும் என்று விதி இருக்கிறது. கவுன்சிலர் தலைமையில் நடக்கும். கிராம சபை போல நகரத்துக்குக் கிடைத்த மேடை. பல இடங்களில் அறிவிப்பே வராமல் முடிந்துவிடுகிறது. அடுத்த கூட்டம் எப்போது என்று வார்டு அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். போகும்போது நீங்கள் அளந்த வரைபடத்தை விரித்து வைத்து, தெருப் பெண்கள் நாலு பேர் அதைக் காட்டிப் பேசட்டும். தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

படி 5: தகவல் உரிமைச் சட்டம், பத்து ரூபாய் ஆயுதம்

எண்ணூர்க் கழிமுகத்தின் கதை இந்த ஊரில் வேலை செய்கிற எவருக்கும் பாடம். 1996இல் ஒப்புதல் பெற்ற கடற்கரை மேலாண்மை வரைபடம் கழிமுகத்தைக் காக்கவேண்டிய பகுதியாகக் காட்டியது. பின்னாளில் புழக்கத்துக்கு வந்த இன்னொரு வரைபடத்தில் கழிமுகத்தையே காணோம். நீர் ஓடுகிற இடம், மீனவர் காலங்காலமாகப் 'பாடு' முறையில் முறைவைத்து மீன் பிடிக்கிற இடம், தாளில் நிலமாகிவிட்டது. தகவல் உரிமை மனுக்கள் அந்தப் பழைய வரைபடத்தை வெளியே கொண்டுவந்த பிறகுதான் பேச்சு மாறியது. தரையில் நடப்பதற்கு முன் தாளில் நடந்துவிடுகிறது. ஆகவே தாளைக் கேட்டு வாங்குங்கள்.

விதிமுறை இவ்வளவுதான். வெள்ளைத்தாளில் தமிழில் எழுதலாம். 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். வறுமைக் கோட்டுக்குக் கீழ் இருப்பவருக்குக் கட்டணம் இல்லை. ஏன் கேட்கிறீர்கள் என்று கேட்க அவர்களுக்கு உரிமை கிடையாது. 30 நாளில் பதில் வர வேண்டும்; உயிர், சுதந்திரம் சம்பந்தப்பட்டதென்றால் 48 மணி நேரம். தப்பான அலுவலகத்துக்குப் போய்விட்டால் அவர்களே ஐந்து நாளில் உரிய இடத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டும். பதில் வராவிட்டால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்கும் அசையாவிட்டால் 90 நாளுக்குள் தகவல் ஆணையம்.

'ஏன் எங்கள் தெருவில் தண்ணீர் நிற்கிறது?' என்று கேட்டால் 'கேள்விக்கு விளக்கம் அளிக்கச் சட்டத்தில் இடமில்லை' என்று பதில் வரும். ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். வடிகாலுக்கு நாங்கள் எழுதும் மனு ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"வார்டு எண் ___, ___ தெருவிலுள்ள மழைநீர் வடிகால் குறித்து: (அ) கடந்த மூன்று ஆண்டுகளில் தூர்வாரிய பணிக்கான பணி ஆணை நகல்கள்; (ஆ) அப்பணிகளின் அளவுப் புத்தகப் பக்கங்களின் சான்றிட்ட நகல்; (இ) ஒப்பந்ததாரருக்குச் செலுத்திய தொகை, தேதி; (ஈ) வடிகாலின் சரிவு மட்டமும் அது சேரும் கால்வாயின் மட்டமும் காட்டும் வரைபட நகல்; (உ) தகவல் உரிமைச் சட்டம் பிரிவு 2(j)இன்படி மேற்படி கோப்பையும் பணியிடத்தையும் நேரில் பார்வையிட அனுமதி."

அளவுப் புத்தகத்தை எம்-புக் என்பார்கள். எத்தனை மீட்டர் தோண்டினோம், எத்தனை கனமீட்டர் மண் எடுத்தோம் என்று இன்ஜினியர் கையெழுத்தோடு இருக்கும். தூர்வாரியதாக எழுதியிருக்கும் நாளில் உங்கள் நோட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு முறை எங்களுக்குக் கிடைத்த எம்-புக்கின்படி, நாங்கள் முழங்கால் தண்ணீரில் நின்ற வாரத்தில் அந்த வடிகால் சுத்தமாகியிருந்தது. அந்த ஒரு பக்கத்தைப் பெரிதாக்கிப் பகுதி சபாவில் ஒட்டினோம். தூர்வார ஆள் வந்துவிட்டார்கள்.

ஒரு எச்சரிக்கை. மனுதாரர் பெயரில் ஒருவரே திரும்பத் திரும்ப இருந்தால் அவர்மேல் அழுத்தம் வரும். பெயரை மாற்றி மாற்றிப் போடுங்கள். முடிந்தால் அந்தத் தெருவில் குடியிருக்காதவர் பெயரில் போடுங்கள்.

படி 6: கருத்துக்கேட்புக் கூட்டத்தில் கடைசிவரை இருங்கள்

துறைமுகம், அனல்மின் நிலையம், ரசாயன ஆலை போன்ற பெரிய திட்டங்களுக்கு 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி பொதுமக்கள் கருத்துக்கேட்பு நடக்க வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நடத்தும். கலெக்டரோ அவர் நியமிக்கும் கூடுதல் மாவட்ட மாஜிஸ்திரேட் நிலைக்குக் குறையாத அதிகாரியோ தலைமை ஏற்பார். குறைந்தது 30 நாள் முன் அறிவிப்பு. ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு தமிழ் நாளிதழிலும் விளம்பரம். நாளிதழ் போகாத ஊரில் தண்டோரா போடலாம் என்றுகூட அறிவிக்கை சொல்கிறது. தண்டோரா வேண்டாம் என்று தமிழக அரசு 2022இல் சொல்லிவிட்டது, அதுவும் சரியான காரணத்துக்காகத்தான். ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டச் சொல்லிக் கேளுங்கள்.

அறிவிப்பு வந்த அன்றே கலெக்டர் அலுவலகத்துக்குப் போய் அறிக்கையின் சுருக்கத்தைத் தமிழில் வாங்குங்கள். அது உங்கள் உரிமை. பிறகு ஒரு வேலை: பத்துக் கிலோமீட்டர் சுற்றளவில் என்னென்ன இருப்பதாக எழுதியிருக்கிறார்கள் என்று மட்டும் ஊரோடு உட்கார்ந்து படியுங்கள். குப்பத்தின் பெயர் விட்டுப்போயிருக்கும், ஓடை இருக்காது, வலை காயவைக்கும் இடம் 'காலி நிலம்' ஆகியிருக்கும். விஞ்ஞானம் தெரியாவிட்டாலும் இதில் ஊர்க்காரர்களை மிஞ்ச ஆள் கிடையாது. கடற்கரை மேலாண்மை வரைபடங்களுக்கும் இதே முறைதான். மீனவக் கிராமங்களையும் அவர்களின் பொதுப் பயன்பாட்டு இடங்களையும் அதில் குறிக்கவேண்டும் என்று கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையே சொல்கிறது.

கூட்டத்தில் எல்லாரும் எல்லாவற்றையும் பேசாதீர்கள். ஒருவர் தண்ணீர், ஒருவர் மீன், ஒருவர் மூச்சு, ஒருவர் வரைபடத்தில் விடுபட்டது என்று பிரித்துக்கொள்ளுங்கள். மூன்று நிமிடம். பெண்கள் முன் வரிசையில் உட்கார வேண்டும், இல்லாவிட்டால் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்கள் உட்கார்ந்துவிடுவார்கள். பேசியதையே எழுத்திலும் கொடுத்து முத்திரை வாங்குங்கள்.

இனி முக்கியமான விஷயம். கூட்டத்தின் முடிவில், யார் என்ன சொன்னார்கள் என்ற பதிவைச் சபைக்கு முன் தமிழில் படித்துக் காட்டி, அன்றே கையெழுத்திட வேண்டும். பெரும்பாலும் அந்த நேரத்தில் ஜனம் கோபத்தில் வெளியேறியிருக்கும், அல்லது பசியில் வீட்டுக்குப் போயிருக்கும். நாலு பேராவது இருந்து, படிக்கச் சொல்லி, விட்டுப்போனதைச் சேர்க்கச் சொல்லுங்கள். முழு நிகழ்வையும் வீடியோ எடுக்கவேண்டும் என்பதும் விதி; அதன் பிரதியைத் தகவல் உரிமையில் கேளுங்கள்.

காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்துக்கு 2021 ஜனவரி 22 அன்று மீஞ்சூரில் நடக்கவிருந்த கருத்துக்கேட்பு, பரவலான எதிர்ப்புக்கு நடுவே ஒத்திவைக்கப்பட்டது. அதற்கு முன் வாரக்கணக்கில் குப்பம் குப்பமாக, பழவேற்காடு வரைக்கும் பேச்சு நடந்திருந்தது.

படி 7: பணம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

சென்னையின் வடிகால் திட்டங்கள் பல வெளிநாட்டுக் கடனில் நடப்பவை. கொசஸ்தலை வடிநிலத் திட்டத்துக்கு ஆசிய வளர்ச்சி வங்கி 2021இல் 25.1 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் தந்தது. இப்படிப்பட்ட வங்கிகளுக்குச் சொந்தமாக மறுகுடியமர்வு விதிகளும் புகார் பிரிவும் உண்டு. இங்கே பதில் வராத கடிதத்தை அங்கே அனுப்பிப் பாருங்கள், இங்கே போன் அடிக்கும்.

சென்னை மாநகராட்சி 2023இல் வெளியிட்ட காலநிலைச் செயல்திட்டம் 2050க்குள் நிகர பூஜ்ய உமிழ்வு என்று இலக்கு வைத்திருக்கிறது. அதை மக்களோடு படிக்கும்போது ஒரு கேள்வி போதும்: நம் வார்டுக்கு இந்த வருட பட்ஜெட்டில் இதிலிருந்து எந்த வேலைக்கு எவ்வளவு? சின்ன கோரிக்கைகள் ஜெயிக்கின்றன. கடைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. உணவு டெலிவரி ஊழியர்களுக்கு மாநகராட்சி 2025இல் குளிரூட்டிய ஓய்வறை திறந்தது. தூய்மைப் பணியாளருக்கும் பூ விற்கும் அம்மாவுக்கும் அதே ஓய்வறையை ஏன் கேட்கக்கூடாது?

படி 8: வழக்கு

இதைக் கடைசிக்கு வைத்தாலும் நாட்களை முதலிலேயே குறித்து வையுங்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. சுற்றுச்சூழல் பிரச்சினை எழுந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும்; தக்க காரணம் இருந்தால் இன்னும் 60 நாள். இழப்பீடு, சீரமைப்பு கேட்க ஐந்து ஆண்டு. ஒரு திட்டத்துக்குத் தந்த அனுமதியை எதிர்க்க 30 நாள்தான், அதற்கு மேல் 60 நாள் வரை மன்னிக்கலாம். இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். தீர்ப்பாயம் தானாக முன்வந்தும் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2021இல் உறுதிசெய்தது. 2023 டிசம்பரில் எண்ணூர் எண்ணெய்க் கசிவைத் தென்மண்டல அமர்வு அப்படித்தான் கையில் எடுத்தது.

வாதத்துக்கு இரண்டு தீர்ப்பு. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும், ஆபத்து உறுதியாகும்வரை காத்திராமல் முன்னெச்சரிக்கை வேண்டும் என்ற இரண்டு கோட்பாடுகளும் இந்த நாட்டுச் சட்டம் என்று 1996இல் சொன்ன வழக்கு நம் வேலூர் பகுதித் தோல் தொழிற்சாலைகள் பற்றியது. காலநிலை மாற்றத்தின் தீங்குகளிலிருந்து காப்புப் பெறும் உரிமை அரசமைப்பின் 14, 21ஆம் உறுப்புகளில் அடங்கியிருக்கிறது என்று உச்ச நீதிமன்றம் 2024இல் சொன்னது கானமயில் பற்றிய வழக்கில். பறவைக்காகப் போட்ட வழக்கில் மனிதருக்குக் கிடைத்த உரிமை.

வக்கீல் ஃபீஸுக்குப் பயப்பட வேண்டாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கும், வெள்ளத்தாலோ தொழிற்சாலை விபத்தாலோ பாதிக்கப்பட்டவர்களுக்கும் 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி இலவச சட்ட உதவி உண்டு. எண் 15100.

காலி செய்யும் நோட்டீஸ் வந்தால் தீர்ப்பாயம் போகாதீர்கள், அன்றே உயர் நீதிமன்றம். அதற்கு முன்பே தெரிந்து வைக்கவேண்டிய ஒன்று: உங்கள் பகுதி 1971ஆம் ஆண்டுக் குடிசைப் பகுதிச் சட்டத்தின் கீழ் அறிவிக்கப்பட்டதா? சென்னையில் அப்போது 1,202 பகுதிகளை அறிவித்தார்கள், 1985இல் இன்னும் 17. அதன் பிறகு பல்லாண்டுகள் ஒன்றுகூட இல்லை. பட்டியலில் இருந்தால் சட்டத்தின் காப்பு உண்டு, இல்லாவிட்டால் ஏன் இல்லை என்பதே வாதம்.

படி 9: தெருவில் இறங்குவது

போலீஸ் அனுமதிக்குக் குறைந்தது ஐந்து நாள் முன்பே எழுதிக் கொடுங்கள். வள்ளுவர் கோட்டமோ எழும்பூர் ராஜரத்தினம் ஸ்டேடியம் பக்கமோ காட்டுவார்கள். என் அனுபவத்தில் அங்கே நூறு பேர் நிற்பதைவிட அந்தந்தத் தெருவிலேயே நிருபரை அழைத்துச் சுவர்க் கோட்டைக் காட்டுவது அதிகம் வேலை செய்கிறது. கொடுங்கையூர்க் குப்பைமேட்டில் எரிஉலை வேண்டாம் என்று வடசென்னை மக்கள் 2025இல் மனிதச் சங்கிலி நின்றது அவர்கள் ஊரிலேயேதான்.

படி 10: மழை வந்துவிட்டால்

மேலே சொன்ன எதற்கும் அப்போது நேரமிருக்காது. ஆகவே அக்டோபருக்குள் மூன்றைச் செய்து வையுங்கள். வீட்டுக்கு ஒரு தடித்த பிளாஸ்டிக் பை, அதில் ரேஷன் கார்டு, ஆதார், சான்றிதழ், மருந்துச் சீட்டு. படுக்கையில் இருப்பவர்களை யார் தூக்குவது என்று பெயர் எழுதிய பட்டியல். 1070 (மாநிலப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை), 1077 (மாவட்டக் கட்டுப்பாட்டு அறை), 1913 எண்கள் கதவில்.

தண்ணீர் இருக்கும்போதே கோட்டைப் படம் எடுங்கள், வடிந்த பிறகு தகராறு வரும். மிக்ஜாமுக்குப் பின் ரேஷன் கார்டு வழியாகக் குடும்பத்துக்கு 6,000 ரூபாய் கொடுத்தார்கள். கார்டு வேறு முகவரியில் இருந்த வாடகைக்காரர்கள், கார்டே இல்லாத வடமாநிலத் தொழிலாளர்கள் டோக்கன் கிடைக்காமல் கடைக்கும் தாலுகா ஆபீசுக்கும் நடந்தார்கள். எங்கள் தெருக்களில் அந்த முறை உதவியது வாடகையா என்று கேட்டு எழுதி வைத்திருந்த அந்த நோட்டுதான். வீட்டு எண், கோட்டின் உயரம், கையெழுத்து, படம் எல்லாவற்றோடும் விடுபட்டவர் பட்டியலை மூன்று பிரதி எடுத்துத் தாசில்தாரிடம் கொடுத்தோம். ஒரு பிரதியில் முத்திரை வாங்கிக்கொண்டு வந்தோம். பட்டியலைப் புரட்டிய அலுவலர், "இதென்ன, அங்குலம்லாம் போட்டிருக்கீங்க?" என்றார். "செவுத்துல இருக்கு சார், வந்து பாருங்க" என்றார் அந்த எண்ணூர் அக்கா. மறுநாள் வந்தார், கையில் டேப்போடு.